எலும்பு கூடும் காலம்

சென்ற மார்கழியில் ஒரு நாள், பொழுது சரியாகப் புலராத வேளையில், எழும்பூரில் வந்து இறங்கும் உறவினர் ஒருவரை அழைத்து வரவேண்டிய அவசரத்தில், வாசலில் நிறுத்தியிருந்த காரை முன்பின் பாராமல் பின்னுக்கு எடுத்தேன். எடுத்த கணமே அடியிலிருந்து எழுந்த அலறல் தெரு முழுவதையும் எழுப்பிவிட்டது. பனிக்கு ஒதுங்கிக் காருக்கடியில் சுருண்டு கிடந்த தெருநாய் ஒன்றின் பின்னங்காலில் சக்கரம் ஏறியிருந்தது. எங்கள் தெருவில் அதற்குச் செவலை என்று பெயர். பெயர் வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நிறத்தைப் பார்த்து அழைத்தார்கள், அது திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடி, எதிர்வீட்டு மாடிப்படிக்கு அடியில் புகுந்துகொண்ட அந்தப் பிராணியை மறுபடி நான்கு காலில் நடக்கவைக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் மருத்துவர் செய்தது சில மணி நேர வேலை. மற்ற வேலையெல்லாம் எலும்பு தானே செய்துகொண்டது. அது செய்கிற காரியத்தைக் கெடுக்காமல் இருப்பதொன்றே எங்கள் பொறுப்பாக இருந்தது. கேட்க எளிதாக இருக்கும் அந்தப் பொறுப்பு எத்தனை கடினம் என்பதை அனுபவித்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கடினம் நாயைத் தொடுவதிலேயே இருந்தது. தினமும் அதற்கு பிஸ்கட் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன், தன்னை அது ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையில் படிக்கட்டுக்கு அடியில் கையை நீட்டினான், மயிரிழையில் தப்பினான். வலியில் துடிக்கும் நாய்க்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் கிடையாது. பால் குடிக்கிற காலத்திலிருந்து மடியில் வைத்து வளர்த்த நாயும் அந்த நிமிஷத்தில் கடிக்கும். ஆகையால் ஒரு துண்டையோ வேஷ்டிக் கரையையோ நீளமாகக் கிழித்து, சுருக்குப் போட்டு மூக்கின்மேல் மாட்டி, தாடைக்கு அடியில் ஒரு குறுக்கு இட்டு, காதுகளுக்குப் பின்னால் முடிந்துவிடவேண்டும். நாய் வாந்தி எடுத்தாலோ மூச்சுக்குத் திணறினாலோ மட்டும் வாயைக் கட்டக் கூடாது. அதையும் மீறிப் பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, நாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போய்விடவேண்டும். விபத்தை யாரும் கண்ணால் காணாத நிலையில், முன்பின் தெரியாத ஒரு நாய் காலை இழுத்துக்கொண்டு, தாடை தொங்க, எச்சில் வடியத் தள்ளாடி வருமானால், அது அடிபட்ட நாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; வெறிநோயின் ஒரு வகை அப்படித்தான் இருக்கும். அங்கே இரக்கத்தைவிடப் பழக்கப்பட்டவர்களை அழைப்பதே உத்தமம்.

இரண்டாவது விஷயம், கண் காலிலேயே நிலைத்துவிடுவது. வண்டியில் அடிபட்ட நாயின் கால் விகாரமாகத் தொங்கும்போது வேறெதையும் பார்க்கத் தோன்றாது. ஆனால் உயிரை வாங்குவது பெரும்பாலும் அந்தக் காலன்று. உதட்டை விலக்கி ஈறைப் பார்க்கவேண்டும்: இளஞ்சிவப்பாக இருந்தால் சற்று நிம்மதி, வெளுத்திருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதென்று சந்தேகிக்கவேண்டும். மூச்சு எப்படி ஓடுகிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்பவை அதற்கடுத்தவை. எலும்பு ஒரு நாள் காத்திருக்கும். நுரையீரலும் மூத்திரப்பையும் காத்திருக்கமாட்டா. செவலையின் ஈறு நல்ல நிறமாகவே இருந்தது. கோணிச் சாக்கின்மேல் அதை மெல்ல நகர்த்தி, சாக்கோடு ஒரு பலகையில் ஏற்றி, அந்தப் பலகையோடு வண்டியின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுபோனோம். காலை நேராக்கவோ, குச்சி வைத்துக் கட்டவோ நாங்கள் முயலவில்லை. அறியாதவர்கள் கட்டும் கட்டு ஒடிந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ நின்று, உடைந்த முனைக்கு ஒரு நெம்புகோலாக வேலை செய்யுமே தவிர ஆதாரமாகாது என்று பின்னால் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், சுத்தமான ஈரத்துணியால் மூடுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். உள்ளே தள்ளுவது மகாபாதகம்.

நாங்கள் புறப்படும்போது எதிர்வீட்டுப் பாட்டி ஓடி வந்தாள். "ஏம்ப்பா, இதுக்குப் போய் டாக்டரா? முட்டை வெள்ளைக்கருவுல உளுத்தமாவைக் குழைச்சுப் பத்துப் போடு, நாலு மூங்கில் தப்பை வெச்சு இறுக்கக் கட்டு. எங்க ஊர்ல மாட்டுக்கே அப்படித்தான்" என்றாள். பாட்டியின் வைத்தியத்தைப் பரிகசிப்பவன் அல்லேன். முறிவுகளைப் பன்னிரண்டு வகையாகவும் மூட்டு விலகல்களை ஆறு வகையாகவும் பிரித்துச் சொல்லி, மரப்பட்டையாலும் மூங்கிலாலும் தப்பை வைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நம் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்துப் புத்தூரில் பரம்பரையாக எலும்பு கட்டுகிறார்கள். அந்தக் கலையே ஒரு முயலால் பிறந்ததென்று ஒரு கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. வேட்டையில் அடித்த முயலைப் பச்சிலையில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டில் பிரித்தபோது அது துள்ளி ஓடிற்றாம். ஆனால் பாட்டி சொன்னதில் "இறுக்க" என்ற ஒரு சொல்தான் வினை. ஒடிந்த கால் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். இறுகக் கட்டிய கட்டு வீங்காது. நடுவில் அகப்பட்ட ரத்த ஓட்டம் நின்று, பாதம் குளிர்ந்து, கறுத்து, கூட வேண்டிய காலை வெட்டி எடுக்கவேண்டிய கதியில் கொண்டுவிடும். நாய்க்கு, 'இறுக்குகிறது' என்று சொல்ல வாய் கிடையாது.

பற்றைவிடப் பெரிய ஆபத்து மருந்துப் பெட்டியில் இருக்கிறது. நமக்குத் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையில் பாதியைச் சோற்றில் பிசைந்து வைப்பது பலர் செய்கிற தர்மம். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் அதன் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கோ ஒரு மாத்திரையே எமன். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தின் சரித்திரம் பலருக்குத் தெரிந்திருக்கலாம்: அதைப் போட்ட மாடு செத்தபின் அந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால், 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்திய அரசாங்கம் தடுத்தது. நாய்க்கென்று பொருத்தமான வலிமருந்துகள் இருக்கின்றன. அவற்றின் அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர்தாம் சொல்லவேண்டும்.

எக்ஸ்ரேயில் செவலையின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு குறுக்கே ஒடிந்திருந்தது. 'முழங்கால்' என்று நான் சொன்னதும் வாசகர் தவறான இடத்தை நினைத்துக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடிந்து நிற்கும் மூட்டை நாம் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது குதிகால். நாய் நம்மைப் போல உள்ளங்காலைப் பதித்து நடப்பதில்லை. ஆயுள் முழுவதும் விரல்நுனியில் நின்றே நடக்கிறது. அதன் முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே மறைந்திருக்கிறது. அதன் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்களும் 40 பங்கைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ஆதலால் பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் சமாளிக்கிற அளவுக்கு முன்னங்கால் இழந்த நாய் சுலபமாகச் சமாளிப்பதில்லை. எந்தக் கால் நோகிறதென்று கண்டுபிடிக்கவும் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னங்காலில் நோவு இருந்தால், நோகும் கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். இந்தத் தலையாட்டத்தை ஒரு முறை கவனித்துப் பழகிவிட்டால் தெருவில் போகிற நாயின் குறையைக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். நொண்டுகிற நாயெல்லாம் ஒடிந்த நாயுமல்ல. விரலிடுக்கில் ஏறிய கருவேல முள், கண்ணாடிச் சில், பிய்ந்த நகம், அங்கே குடியேறிய உண்ணி, நண்பகல் தார் ரோட்டில் வெந்த பாதம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுவது வீண் செலவைத் தவிர்க்கும்.

முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது எங்கள் பாக்கியம். மாவுக்கட்டு பயன்படவேண்டுமானால் ஒடிந்த எலும்புக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கவேண்டும். தொடையெலும்பு ஒடிந்தால் அதற்கு மேலுள்ள இடுப்பு மூட்டைக் கட்டுக்குள் கொண்டுவர வழியில்லை, ஆகவே கம்பியோ, பிளேட்டும் திருகாணியுமோ வைத்தே தீரவேண்டும். வீட்டில் கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் குதித்து முன்னங்கையை ஒடித்துக்கொள்ளும் பொமரேனியன் போன்ற சிறு ஜாதி நாய்களுக்கும் மாவுக்கட்டு பல சமயம் பலிப்பதில்லை. மணிக்கட்டை ஒட்டிய அந்த எலும்புப் பகுதிக்கு ரத்தக் குழாய்கள் குறைவு, கூடுவது தாமதம். ஏழெட்டு மாதக் குட்டிக்கு எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டில் அடிபட்டால், ஒடிவு கூடிய பின்னும் கால் கோணலாக வளரலாம் என்பதையும் பெற்றவர்கள் போல நாய் வளர்ப்பவர்களும் நினைவில் வைக்கவேண்டும்.

இங்கே ஓட்டோ ஸ்டேடர் என்ற அமெரிக்க மிருக வைத்தியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1930களில் பென்சில்வேனியாவில் தொழில் செய்துவந்த அவர், நாய்கள் கடித்துப் பிய்த்துவிடுகிற மாவுக்கட்டோடு மல்லாடிச் சலித்து, ஒடிவுக்கு மேலும் கீழும் எலும்பில் எஃகு ஊசிகளைச் செலுத்தி, அவற்றைத் தோலுக்கு வெளியே ஒரு கம்பியால் இணைத்துத் திருகி நேராக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதைப் பூட்டிக்கொண்ட நாய் கட்டில்லாமலே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அந்தக் கருவியை மனிதர்களுக்கு எடுத்துக்கொண்டது. மனிதருக்காக நாய்மீது மருந்தைச் சோதித்த கதைகள் ஏராளம். நாய்க்காகச் செய்தது மனிதனை நடக்கவைத்த கதை இது.

நம் பக்கத்திலும் இந்த வைத்தியத்துக்கு வயது அதிகம். மனிதருக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று என இரண்டு வகைச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதாக அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தபோது, தம் ராஜ்யத்துக்கு வெளியிலிருந்த சோழரையும் பாண்டியரையும் தாமிரபர்ணி வரையிலும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் வேப்பேரி, சென்னைவாசிகளுக்கு இன்றும் நாய் வைத்தியத்தின் மறுபெயராகவே இருக்கிறது. அடிபட்ட தெருநாய்களுக்காக 1959ஆம் ஆண்டிலிருந்து புளூ கிராஸ் நிறுவனம் இதே நகரத்தில் உழைத்துவருகிறது.

கட்டுப் போட்டு முடித்த மருத்துவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், தனக்குக் கால் ஒடிஞ்சிருக்குன்னு இதுக்குத் தெரியாது. வலிக்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். வலி நின்னா ஓடும். எலும்பு சேர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே வலி நின்னுடும். அந்த நடுவுல இருக்கிற நாளுக்குத்தான் நீங்க வேணும்."

ஒடிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் அந்த உறைவின் இடத்தில் ரப்பரைப் போன்ற மெல்லிய திசு வளைத்துக் கட்டுகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து முரட்டு எலும்பாகிறது. அந்த முரட்டு எலும்பு பல மாதங்களில் செதுக்கப்பட்டுப் பழைய வடிவை அடைகிறது. இரண்டு மூன்று மாதக் குட்டியாக இருந்தால் 3 அல்லது 4 வாரத்திலேயே கட்டைப் பிரிக்கலாம். ஒரு வயது கடந்த நாய்க்கு 7 முதல் 12 வாரம் ஆகும். ரப்பர் பருவத்தில் நாய்க்கு வலி ஏறக்குறையப் போய்விடுகிறது. ஒரு துள்ளல், மாடிப்படியில் ஒரு தாவல், பூனையைக் கண்டு ஒரு பாய்ச்சல் போதும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

எங்கள் வீட்டு வராந்தாவின் ஒரு மூலையை மூங்கில் தட்டியால் அடைத்துச் செவலைக்கு இருப்பிடமாக்கினோம். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருக்கவேண்டும், ஓட இடமிருக்கக் கூடாது என்பது கணக்கு. மொசைக் தரையில் மூன்று காலோடு நிற்கும் நாய் வழுக்கினால் நல்ல காலும் போய்விடும் என்பதால், கோணியின்மேல் கயிற்றுப் பாயை விரித்து ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தினோம். பிறந்தது முதல் ஒரு கயிற்றின் ஸ்பரிசம் அறியாத தெருநாய் அது. முதல் இரண்டு இரவும் அது ஊளையிட, அதன் தோழர்கள் வாசலில் கூடிப் பதில் ஊளையிட, தெருவிலுள்ளோர் என்னை என்னவெல்லாம் சொன்னார்களோ, நல்லவேளையாக ஊளையில் அது என் காதில் விழவில்லை. மூன்றாம் நாள் அடங்கிற்று. அடங்கியதும் கட்டைக் கடிக்கத் தொடங்கிற்று. அதற்கென்று கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று கடையில் கிடைக்கிறது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் துணி தைத்து மாட்டினாலும் அதே காரியம் ஆகும். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று நம்புகிறவர்கள், தையலைப் பிரித்துப் புண்ணைக் குழியாக்கிவிட்ட நாக்கு ஒன்றை ஒரு தரம் பார்த்தால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுவார்கள்.

கட்டைக் காப்பது ஒரு தனி விரதம். கட்டின் நுனியில் நடுவிரல் இரண்டும் வெளியே தெரியும்படி மருத்துவர் விட்டிருப்பார். காலையும் மாலையும் அவற்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் வீக்கம். சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைவு. கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தால், அடியில் புண் இருக்கிறதென்று மூக்கே சொல்லிவிடும். இந்த மூன்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. சிறுநீருக்கு வெளியே கொண்டுபோகும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, திரும்பியதும் கழற்றிவிடவேண்டும். மாட்டியபடியே விட்டால் உள்ளே வியர்த்து நனைந்து, மழை செய்யாத கெடுதலை அது செய்துவிடும். எழுந்து நிற்கத் தடுமாறும் நாய்க்கு, ஒரு துவாலையைப் பின்வயிற்றின் அடியில் கொடுத்து இரு முனையையும் கையில் பிடித்துக்கொண்டால், பாதிப் பாரத்தை நாம் தாங்கி அதை நடத்தலாம். எழவே முடியாமல் கிடக்கும் நாயாயின் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் எலும்பு துருத்தும் இடங்களில் படுக்கைப்புண் வரும். திறந்த புண் எதுவாயினும் அதில் ஈ உட்கார்ந்தால் நம் ஊர் வெயிலுக்கு இரண்டே நாளில் புழு வைத்துவிடும். ஆகாரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: ஓடாத நாய்க்கு வழக்கத்தைவிடக் குறைவாகச் சோறு, அதில் முட்டையோ கறியோ கொஞ்சம் கூடுதலாக. பாவம் என்று அள்ளி வைத்துக் கொழுக்கவைத்தால் அந்தப் பாரத்தை ஒடிந்த கால்தான் சுமக்கவேண்டும்.

நான்காம் வாரத்தில் நான் தவறினேன். வால் ஆடுகிறது, கண் பளபளக்கிறது, தட்டியின்மேல் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து ஏங்குகிறது. ஐந்து நிமிஷம் காற்றாடட்டுமே என்று தட்டியை விலக்கினேன். விலக்கிய நிமிஷத்தில் மதிலோரம் ஒரு பூனை வந்தது. பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். கட்டு நழுவி, கால் வீங்கி, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், எலும்பு விலகவில்லை என்றாலும் கட்டும் காலமும் மேலும் மூன்று வாரம் நீண்டன. மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை; "நீங்களும் ஓடிட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

கட்டைப் பிரித்த அன்று செவலையின் கால் முருங்கைக்காய் போல மெலிந்து, மடக்கினால் மடங்காமல் விறைத்திருந்தது. நெடுநாள் அசையாமல் வைத்த காலுக்கு இது இயல்பு. எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1892ஆம் ஆண்டில் எழுதினார். அதுவரை 'ஆடாதே' என்று அதட்டிய நாம், இனி 'ஆடு' என்று கெஞ்சவேண்டும், ஆனால் அளவோடு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிஷம் ஒற்றடம். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு மூட்டாக, அது முகம் சுளிக்காத வரையில் மட்டும், பத்துப் பன்னிரண்டு தரம் மடக்கி நீட்டுவது. பிறகு கயிற்றில் பிடித்தபடி 5 நிமிஷ நடை. மெதுவாக நடத்துவதுதான் இதில் ரகசியம்: வேகமாகப் போனால் நாய் நோகும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடக் கற்றுவிடும், ஆமை நடையில் போனால் நான்காவதையும் ஊன்றித்தான் ஆகவேண்டும். வாரத்துக்கு 5 நிமிஷமாகக் கூட்டி, பின்னர் சிறு ஏற்றங்களில் நடத்தலாம். கிராமத்தில் கிணறும் குளமும் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். புண் முழுவதும் ஆறிய பின்பு, உடல் பாரம் தெரியாமல் தசையை வளர்க்க நீச்சலைப் போல ஒன்றில்லை.

எல்லாக் காலும் கூடுவதில்லை. நசுங்கிப்போன காலை எடுத்துவிடுவதே மேல் என்று மருத்துவர் சொல்லும்போது, கேட்பவர் பதறுகிற அளவுக்கு நாய் பதறுவதில்லை. பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் மூன்று காலில் ஓடப் பழகிவிடுகின்றன. மூன்று கால் கேவலம் என்ற எண்ணம் மனிதனுடையது.

செவலையை அதன் இடத்திலேயே விட்டோம். தெருநாய்க்குத் தெருதான் வீடு. குணமானதை வேறு பேட்டையில் கொண்டுபோய் விட்டால் அங்குள்ளவை அதை இருக்கவிடமாட்டா. மூன்று மாதம் காலியாக இருந்த தன் எல்லையைத் திரும்பப் பெற அது இரண்டு சண்டை போட்டது. இரண்டிலும் நான்கு காலும் ஒழுங்காகவே வேலை செய்தன. குளிர்ந்த காலை வேளைகளில் எழுந்ததும் நாலடி நொண்டும், பிறகு சரியாகிவிடும். ஒன்றில் மட்டும் அதற்குப் புத்தி வரவில்லை: இந்த வருஷ மார்கழியிலும் அது படுப்பது என் காருக்கு அடியில்தான். நாய்க்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லாததால், உங்களிடம் சொல்கிறேன். காலையில் வண்டியை எடுக்குமுன், அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு தரம் குனிந்து அடியில் பாருங்கள்.